ஹீலோ மழையில் சுரைக்குடுக்கையோடு ஏழு நாள்

பிப்ரவரி 17, 2025, திங்கள்

ஹவாய்த் தீவுகளிலேயே பெரியதான தீவின் கிழக்குக் கரையில் உள்ள ஹீலோவில் நாங்கள் இறங்கியபோது மழை பெய்துகொண்டிருந்தது. ஏழாம் நாள் புறப்பட்டபோதும் பெய்துகொண்டிருந்தது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் ஊர் இது. இங்கே யாரும் குடை பிடிப்பதில்லை, நனைவதைக் குறித்து அலுத்துக்கொள்வதும் இல்லை. இந்த மழைக்கென்றே கனிலெஹுவா என்று ஒரு பெயர் இருக்கிறது. லெஹுவாப் பூக்களில் சலசலக்கும் மழை என்று அதற்குப் பொருள் சொன்னார்கள். சாலையொன்றுக்கும் அதே பெயரை வைத்திருக்கிறார்கள்.

எங்கள் இரண்டு பெட்டிகளில் என்னுடையது மட்டும் வரவில்லை. நாளை வந்துவிடும் என்று விமான நிறுவனத்தார் சொன்ன நாளை, நாளை மறுநாளாயிற்று. கட்டிய புடவையோடு, காலணிக்குள் தண்ணீர் சளசளக்க விடுதிக்கு வந்து சேர்ந்தேன். மளிகைக் கடையில் ஒரு காலன் பால் ஒன்பது டாலர். நான் விலையைப் பார்த்து நின்றதைக் கண்ட கடைப் பையன், "எல்லாம் கப்பலில் வருகிறது, ஆன்டி" என்றான். சென்னை ஆட்டோக்காரர் அழைக்கிற அதே 'ஆன்டி'. மூத்தவர்கள் எல்லாரையும் ஆன்டி, அங்கிள் என்றே இங்கேயும் அழைக்கிறார்கள் என்பதால் அந்நியத்தன்மையில் பாதி அந்தக் கடையிலேயே கழிந்துவிட்டது.

முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்று, கலிபோர்னியாவில் இருக்கும் மகளிடம் வந்திருக்கிறேன். ஹவாயின் மரபு ஆட்டமான ஹூலா, ஓதுதல், அவற்றைச் சார்ந்த கைவினைகள் ஆகியவற்றைத் தொடக்க நிலையில் கற்பிக்கும் நான்கு நாள் வகுப்பு ஒன்றில் அவள் எங்கள் இருவரையும் சேர்த்திருந்தாள். ஆட்டம் பார்க்கப் போகிறோம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மாலையில் நடந்த அறிமுகக் கூட்டத்தில் எங்கள் ஆசிரியை முதலில் சொன்னது, இந்த நான்கு நாள்களில் மூன்று நாள் யாரும் ஆடப் போவதில்லை என்பது. இரண்டாவதாக, வகுப்பில் கற்ற எதையும் படம் பிடித்து வெளியிடக் கூடாது. மூன்றாவதாக, ஊருக்குத் திரும்பியபின் "இன்னாரிடம் ஹூலா பயின்றேன்" என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது. இந்தக் கட்டுரையில் அவருடைய பெயர் இல்லாமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

ஆசிரியரை இவர்கள் குமு என்கிறார்கள். மரத்தின் அடிப்பகுதிக்கும் தோற்றுவாய்க்கும் அதே சொல்தான். பள்ளிக்கு ஹாலாவ் என்று பெயர். தோணிகளை வைக்கும் நீண்ட கொட்டகையையும் அப்படியே அழைப்பார்களாம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

காலை ஏழரை மணிக்குக் கூடத்தின் வாசலில் பதினான்கு பேர் நின்றோம். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே குமு பாயில் அமர்ந்திருப்பதும் தெரிந்தது. ஆனால் உள்ளே போகக் கூடாது. வெளியே நின்று ஓதி அனுமதி கேட்க வேண்டும், உள்ளிருந்து அவர் மறுமொழியாக ஓதினால்தான் நுழையலாம். கேட்பதற்கென்று பலரும் அறிந்த ஓர் ஓதல் உண்டு. எரிமலைத் தெய்வமான பெலேயின் தங்கை ஹிஇயாகா, கவாய்த் தீவில் வைலுவா ஆற்றைக் கடக்க முடியாதபடி வழி மறிக்கப்பட்டு நின்றபோது பாடியதாகச் சொல்லப்படுவது அது. செங்குத்தான மலையொன்று முன்னே நிற்பதாக அது தொடங்குகிறது. முந்தைய இரவே தாளில் எழுதித் தந்திருந்தார்கள்.

ஓதினோம். உள்ளிருந்து ஒலியே இல்லை. மறுபடி ஓதினோம். குமு பாயின் விளிம்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். மழை வலுத்தது. தாள்கள் நனைந்து கையிலேயே கூழாகிவிட்டன. பார்த்துப் படிக்க எதுவும் இல்லாமல் மூன்றாம் முறை, தவறும் தடுமாற்றமுமாக, ஆனால் தலையை நிமிர்த்தி ஓதினோம். அப்போதுதான் உள்ளிருந்து அவருடைய குரல் எழுந்தது. எழுபதைக் கடந்த பெண்மணியின் குரல் என்று நம்ப முடியாதபடி, நெஞ்சின் அடியிலிருந்து வந்து சொல்லின் கடைசி உயிரெழுத்தில் நடுங்கி நின்றது. பிறகு, "தாளைக் கேட்டுக் கதவு திறக்காது" என்றார். அன்று அவர் எங்களைக் கடிந்துகொண்டது அந்த ஒரு தடவைதான்.

நாள் முழுவதும் சொற்கள்தான். தாளத்துக்குக் கட்டுப்படாமல் ஓதுவதற்கு ஓலி என்று பெயர். வம்ச வரிசைகளை மூச்சு விடாமல் விரைந்து சொல்ல ஒரு முறை, அன்பைச் சொல்ல இழுத்து ஓதும் ஒரு முறை, இறந்தவருக்காக அழுது ஓதும் ஒரு முறை என்று அதற்குள் பல உண்டு. ஆட்டம் இந்தச் சொற்களின் மேல் ஏறி வருவதே ஒழிய, சொல் இல்லாத ஹூலா கிடையாது என்று குமு திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஹவாய் மொழியில் ஐந்து உயிரெழுத்துகள், அவற்றுக்குக் குறில் நெடில், மெய்கள் எட்டே எட்டு. குறிலையும் நெடிலையும் நான் பிரித்துச் சொன்னதைக் குமு பாராட்டினார். முப்பத்தொரு ஆண்டுகள் பிள்ளைகளின் குறில் நெடிலைத் திருத்தியவளுக்கு அது பெரிய காரியமில்லை. ஆனால் அந்த எட்டு மெய்களில் ஒன்று, தொண்டையைச் சட்டென்று அடைத்துத் திறக்கும் ஓர் ஒலி. அது எனக்குக் கடைசிவரை வசப்படவில்லை. இடைவேளையில், எனக்கு இரவல் தந்திருந்த பாஊவை, அதாவது இடுப்பில் சுருக்கம் வைத்துத் தைத்த ஹூலாப் பாவாடையைக் காணாமல், "என் பௌ எங்கே?" என்று கேட்டேன். பௌ என்றால் முடிந்தது என்று பொருள். "எல்லாருக்கும் அது ஒரு நாள் வரும், ஆன்டி" என்று ஓர் இளைஞர் பணிவோடு சொன்னார். கூடம் முழுவதும் சிரித்தது.

எங்களோடு பயின்றவர்களில் இந்தத் தீவிலேயே பிறந்த ஓர் ஓய்வுபெற்ற செவிலியரும் இருந்தார். அவருடைய பாட்டி பள்ளியில் தாய்மொழி பேசியதற்காக அடி வாங்கியவர். அதனால் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தராமலே இறந்துபோனாராம். 1896ஆம் ஆண்டின் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தையே பயிற்று மொழியாக்கியது. 1978இல்தான் ஹவாய் மொழி மீண்டும் அரசின் அலுவல் மொழிகளில் ஒன்றாயிற்று. அந்தச் செவிலியர் அறுபத்தெட்டு வயதில், வாசலில் நனைந்தபடி நின்று, பாட்டியின் மொழியில் உள்ளே வரலாமா என்று கேட்டிருக்கிறார். நான் அவர் பக்கம் அதிகம் திரும்பிப் பார்க்காமல் இருந்தேன்.

நான் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்ததால், மாலையில் குமு இங்குள்ள முதுமொழி ஒன்றைச் சொன்னார்: கண் பார்க்கட்டும், காது கேட்கட்டும், வாய் மூடியிருக்கட்டும்.

பிப்ரவரி 19, புதன்

பெட்டி வந்தது. உள்ளே இருந்த புளிக்காய்ச்சல் பாட்டில் உடைந்து இரண்டு புடவைகள் பாழ்.

வகுப்பு பிற்பகலில்தான் என்பதால் காலையில் உழவர் சந்தைக்குப் போனோம். பப்பாளி ஐந்து, ஐந்து டாலர். பூமாலை பன்னிரண்டு டாலர். ஈரப்பலாக்காயும் சேப்பங்கிழங்கும் சேம்பிலையும் குவிந்திருந்தன. கிழங்கு விற்ற அம்மாள், நான் தட்டிப் பார்த்துப் பொறுக்கிய விதத்தைக் கண்டு, எந்தத் தீவு என்று கேட்டார்.

பள்ளிக்குத் தேவைப்பட்டது காய்ந்த சுரைக்காய். ஹூலாவுக்குத் தாளம் தட்டும் இபு என்பது நம் சுரைக்குடுக்கையேதான். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒட்டினால் அது இபு ஹெகெ. சந்தையின் ஓரத்தில் அவற்றை விற்ற முதியவர், விலையைச் சொல்வதற்கு முன் "உன் குமு யார்?" என்று என் மகளிடம் கேட்டார். எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று நம் பெரியவர்கள் கேட்கும் தொனிதான். குமுவின் மூன்றாம் விதி நினைவுக்கு வந்து அவள் விழித்தாள். முதியவர் சிரித்து, சுத்தம் செய்யாத சின்னக் குடுக்கை ஒன்றை முப்பது டாலருக்கு எனக்குத் தந்தார். ஒட்டி மெருகேற்றிய பெரிய இபு ஹெகெ இருநூற்று நாற்பது. அதன்மேல் மகளின் கண் போனதை நான் கவனித்தேன்.

சில்லறையில் வந்த ஒரு கால் டாலர் நாணயத்தின் பின்பக்கத்தில், தலையில் இலைமாலை சூடிய ஒரு பெண்மணி இருந்தார். அவருடைய கூந்தலும் மாலையும் அப்படியே மலையும் நிலமுமாக மாறிச் செல்கின்றன. கீழே ஹவாய் மொழியில் ஒரு வரி. பிற்பகல் வகுப்பில் காட்டினேன். நேற்றுக் காலை உள்ளே நுழைந்ததும் நாங்கள் மூன்று முறை ஓதிய பிரார்த்தனையின் தொடக்கம் அது. மேலிருந்து அறிவைத் தந்தருள வேண்டும், பாடல்களுக்குள் மறைந்து கிடக்கும் நுட்பத்தைத் தர வேண்டும் என்று கேட்பது. அதை இயற்றியவர்தான் நாணயத்தில் இருப்பவரும்: எடித் கனகாஓலே. கனகா என்று தொடங்கும் பெயரை நான் ஒரு முறைக்கு மேல் சொல்லிப் பார்த்தேன். 1913இல் பிறந்து 1979இல் மறைந்தவர். ஹாலாவ் ஓ கெகுஹி என்ற பள்ளியை 1953இல் நிறுவியவர். ஹீலோவின் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் இந்த மொழியையும் ஓதலையும் கற்பித்தவர். அவருடைய மகள்கள் இருவர் அவருக்குப்பின் அந்தப் பள்ளியை நடத்தினர். நாணயம் 2023இல் வெளிவந்தது. பாடம் சொல்லிக்கொடுத்த ஒரு பெண்மணியின் முகத்தைக் காசில் அச்சிட்டிருக்கிறார்களே என்பது ஓர் ஆசிரியையாக என்னை அசைத்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்தக் காசை முந்தானையில் முடிந்து வைத்தேன்.

பிற்பகல் முழுவதும் குடுக்கை. காம்புப் பக்கத்தை அறுத்து, உள்ளே காய்ந்து கிடக்கும் நாரையும் விதையையும் குச்சியால் குத்தி உடைத்து, கூழாங்கல்லும் தண்ணீரும் இட்டுக் குலுக்கிக் கொட்டி, மறுபடி குலுக்க வேண்டும். வெளிப்புறத் தோலைச் சுரண்டித் தேய்க்க வேண்டும். பழைய சுரையின் புளித்த நாற்றம் கையை விட்டுப் போகவே இல்லை. மூன்று மணி நேரத்துக்குப்பின் முடிந்துவிட்டது என்று நீட்டினேன். குமு காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்துத் திருப்பித் தந்தார். இன்னும் ஒரு மணி நேரம். மறுபடியும் ஆட்டிப் பார்த்தார். மறுபடியும் திருப்பித் தந்தார். கடைசியில் இருட்டிவிட்டதால் மட்டுமே விடுதலை கிடைத்தது.

தாளத்துக்கு இரண்டு சொற்கள்: குடுக்கையின் அடியைப் பாயில் குத்தினால் 'ஊ', விரல்களால் பக்கத்தில் தட்டினால் 'தே'. ஊ தே தே என்று வாயால் சொல்லிக்கொண்டே விடுதிக்கு நடந்தோம்.

பிப்ரவரி 20, வியாழன்

கையெல்லாம் முள். இன்று தாழை ஓலை.

ஹவாயில் ஹலா என்பது நம் தாழையின் நெருங்கிய உறவு, ஓலை லௌஹலா. தானாகக் காய்ந்து பழுத்த ஓலையைத்தான் எடுக்கலாம். ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் இருபுறமும் துடைத்து, இரு விளிம்புகளிலும் நடு நரம்பிலும் ஓடும் மூன்று வரிசை முள்ளையும் கத்தியால் சீவி, மென்மையாக்கி, சுருட்டி வைத்து, பிறகுதான் நாராகக் கிழிக்க வேண்டும். கற்பித்தவர் எண்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆன்டி. அவர் பேசியது மொத்தம் பத்து வாக்கியம் இருக்கும். நான் தவறாகச் சீவினால் ஓலையை என் கையிலிருந்து வாங்கி, சரியாக ஒரு சாண் நீளம் சீவிக் காட்டி, மீண்டும் கையில் வைப்பார். அவ்வளவுதான். விளக்கமே சொல்லாமல் இவ்வளவு கற்பிக்க முடியும் என்று எனக்குத் தெரியாமல் போனதற்குப் பாவம், எத்தனை மாணவர்கள் என் விளக்கங்களைக் கேட்டுத் தொலைத்திருப்பார்கள். மாலைக்குள் என் கையில் இருந்தது ஒரு விரல் அகலக் கைவளை. நேற்றுக் கடையில் நானூறு டாலர் என்று கண்டு நான் முகம் சுளித்த லௌஹலாத் தொப்பி, இன்று விலை குறைவு என்றே தோன்றியது.

ஹீலோவுக்குத் தெற்கே உள்ள பூனா வட்டாரத்தைத் தாழை மணக்கும் சுவர்களை உடையது என்று பழம்பாடல்கள் புகழ்கின்றன. ஆனால் ஹலாப் பழத்தில் கட்டிய மாலையைப் புதிதாக ஒன்றைத் தொடங்குபவருக்குப் போடமாட்டார்கள். ஹலா என்ற சொல்லுக்குக் கடந்து போதல், தவறு, குற்றம் என்றும் பொருள்கள் உண்டு. ஒன்று முடிந்து கழியும்போது போடத் தகுந்தது அது. சொல்லுக்குள் இப்படி ஒளிந்திருக்கும் பொருளைக் காஓனா என்கிறார்கள். மழை என்றால் மழை மட்டுமாக இருக்காது, பூ என்றால் பூ மட்டுமாக இருக்காது. உள்ளுறை கற்பித்த எனக்கு இதில் வியப்பில்லை. பொய்ச்சாட்சி சொன்னதால் தாழம்பூ சிவபூசைக்கு ஆகாது என்ற நம் கதையைச் சொன்னேன். ஆன்டி சீவுவதை நிறுத்தி, முதல்முறையாக என்னை நேராகப் பார்த்து, "அப்படியானால் உங்களுக்கும் தெரிந்திருக்கிறது" என்றார்.

பிப்ரவரி 21, வெள்ளி

இன்றுதான் ஆட்டம். கால் இரண்டு எட்டு வலம், இரண்டு எட்டு இடம் வைக்கும் காஹோலோ; ஒரு காலை முன்னே நீட்டித் தொட்டு மீட்கும் ஹெலா. பார்க்க எளிது. முழங்காலை நாள் முழுவதும் மடக்கியே வைத்திருக்க வேண்டும் என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. இருபது நிமிடத்தில் என் முழங்கால் மறுத்துவிட்டது. குமு தயக்கமே இல்லாமல் என்னை உட்கார வைத்து, ஒவ்வொரு கையிலும் இரண்டிரண்டாக நான்கு வழவழப்பான கருங்கூழாங்கற்களைத் தந்தார். இவற்றுக்கு இலிஇலி என்று பெயர். நம் கைத்தாளம் போல விரலிடையில் மோதி ஒலிக்கச் செய்து, அமர்ந்தபடியே ஆட வேண்டும். அமர்ந்து ஆடுவதும் மரபில் உள்ளதே. முடியாதவளுக்குச் சலுகை தருவதாக அவர் நினைக்கவே இல்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது. கற்கள் மூன்று முறை நழுவி என் கால் விரலில் விழுந்தன.

உல்லாச விடுதிகளின் விருந்துகளில் காட்டும் புல் பாவாடையைப் பற்றி மகள் கேட்டாள். கில்பர்ட் தீவுகளிலிருந்து வந்த தொழிலாளர்களோடு வந்த உடை அது என்றும், இங்கே பழையது கபாவும் இலைகளும்தான் என்றும் குமு சொன்னார். கபா என்பது காகித முசுக்கட்டை மரத்தின் பட்டையை அடித்து அடித்து விரித்த துணி. அந்த வினை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஏறக்குறைய அழிந்து, 1970களில் பழந்துணிகளைப் பார்த்தும் சோதித்தும் மீட்கப்பட்டது. மஞ்சளால் சாயம் தோய்த்த ஒரு துண்டைத் தொட்டுப் பார்க்கத் தந்தார்கள். மஞ்சளை ஒலெனா என்கிறார்கள். நீரில் கலந்து தூய்மை செய்யத் தெளிக்கவும் செய்கிறார்கள்.

மதியம் எல்லாருக்கும் சேர்த்துச் சாப்பாடு. பன்றி வேண்டாம் என்றதால் எனக்கு மீனைச் சேம்பிலையில் பொதிந்து அவித்துத் தந்தார்கள். நடுவில் பெரிய மரக்கிண்ணத்தில் போயி: வேகவைத்த சேப்பங்கிழங்கை இடித்து நீர் சேர்த்துப் பிசைந்த, ஊதா கலந்த சாம்பல் நிறக் களி. இரண்டு நாள் புளித்தது. விரலால் வழித்து உண்ண வேண்டும். முதல் வாய் ஒன்றுமில்லாததுபோல இருந்தது. உப்பு மீனோடு இரண்டாம் வாய் பழைய கூழை நினைவுபடுத்தியது. மூன்றாவதாக நானே கேட்டு வாங்கினேன்.

அப்போதுதான் மகள், சந்தைக்குத் திரும்பிப் போய் இருநூற்று நாற்பது டாலர் இபு ஹெகெயை வாங்கிவிட்டதாகச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. "ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?" என்றேன். "என் சம்பளத்துக்குமா உன்னைக் கேட்க வேண்டும், அம்மா?" என்றாள். தமிழில்தான் பேசினோம், குரல் உயர்ந்ததற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை போலும். எதிரே அமர்ந்திருந்த தாழை ஆன்டி ஒரு சொல்லும் சொல்லாமல் கை நீட்டிப் போயிக் கிண்ணத்தை மூடினார். மேசை முழுவதும் அமைதியானது. செவிலியர் மெல்லிய குரலில் விளக்கினார். இவர்களுடைய தொல்கதையில், வானத் தந்தையான வாகேயாவுக்கும் ஹோஓஹோகூகலனிக்கும் முதலில் பிறந்த குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. புதைத்த இடத்தில் சேம்பு முளைத்தது. அடுத்துப் பிறந்தவன்தான் மனிதன். ஆகவே சேம்பு மூத்தவர். கிண்ணம் திறந்திருக்கும்போது அண்ணன் முன்னிலையில் இருக்கிறார், அவர் எதிரில் சண்டையிடக் கூடாது. நாங்கள் இருவரும் தலை குனிந்து அமர்ந்திருந்தோம். சிறிது நேரம் கழித்து ஆன்டி மூடியை எடுத்தார். மகள் தன் தட்டிலிருந்த மீனில் பாதியை என் தட்டில் வைத்தாள்.

பிப்ரவரி 22, சனி

கீலாவெயா எரிமலைப் பூங்காவுக்குப் போனோம். காருக்கு முப்பது டாலர். 1,200 மீட்டர் உயரத்தில் மழையோடு குளிரும் சேர, புடவைக்கு மேல் மகளின் மழைச்சட்டையை மாட்டிக்கொண்டேன். கடந்த டிசம்பர் 23 முதல் விட்டுவிட்டுக் குமுறிக்கொண்டிருந்த எரிமலை, நாங்கள் போன நேரத்தில் ஓய்வில் இருந்தது. வெண்புகை மட்டும் எழுந்தது. குழியை நோக்கி அமைந்த கல் மேடை ஒன்று அங்கே உள்ளது, ஹூலாவுக்கானது. அதில் ஏறக் கூடாது என்று குமு முன்பே எச்சரித்திருந்ததால் தள்ளியே நின்றோம். ஒரு குடும்பம் அதன்மேல் ஏறிக் கைகளை விரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

வழியெல்லாம் ஓஹிஆ மரங்கள், சிவந்த குஞ்சம் போன்ற லெஹுவாப் பூக்கள். ஒரு பூஞ்சை நோய் இந்த மரங்களை இலட்சக்கணக்கில் கொன்று வருகிறது. ஆகவே பாதைத் தொடக்கத்தில் காலணி தேய்க்கும் தூரிகைகளை வைத்திருக்கிறார்கள். ஹூலா விழாவுக்கு வரும் பள்ளிகளையும் லெஹுவாவைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டார்கள். ஹூலாவுக்கே உரிய பூவை ஹூலாக்காரர்களே பறிக்காமல் விட வேண்டியிருக்கிறது. அந்தப் பூவைப் பறித்தால் மழை வரும் என்பது பழைய நம்பிக்கை. ஹீலோவில் தினமும் யாரோ பறிக்கிறார்கள் என்று மகள் சொன்னாள்.

திரும்பும்போது எடித் கனகாஓலே அரங்கத்தை வெளியிலிருந்து பார்த்தோம். தகரக் கூரைபோட்ட, பார்வைக்கு எளிய விளையாட்டுக் கூடம். ஈஸ்டரை ஒட்டி இங்கேதான் மெரி மோனார்க், அதாவது உல்லாச மன்னர், என்ற பெயரில் ஹூலா விழா நடக்கிறது. 1963இல் ஊர் வணிகத்தைத் தூக்கி நிறுத்தத் தொடங்கிய கொண்டாட்டம் அது; 1971 முதல் ஹூலாப் போட்டியாகவும் வளர்ந்தது. அந்த உல்லாச மன்னர் கலாகௌவா, 1874 முதல் 1891 வரை ஆண்டவர். கிறித்தவராகிவிட்ட அரசி கஅஹுமனு 1830இல் பொது இடங்களில் ஹூலாவைத் தடை செய்திருந்தார். கலாகௌவா தம் 1883 முடிசூட்டு விழாவில் அதை எல்லார் கண்முன்னும் ஆடச் செய்தார். இடைப்பட்ட காலத்தில் அது அழியாமல் இருந்தது வீட்டுக்குள்ளும் தொலைவான ஊர்களிலும் பாட்டிகள் பேத்திகளுக்குச் சொல்லிவைத்ததால். அரங்கம் பூட்டியிருந்தது. வாசலில் நின்று ஓதிப் பார்க்கலாமா என்று மகள் கேட்டாள். மழைக்குப் பயந்து காருக்குள் ஓடினோம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

தீவுகளிலிருந்து அமெரிக்கப் பெருநிலத்துக்குப் போகும் பைகளை வேளாண் துறையினர் தனியாகச் சோதிக்கிறார்கள்; பழம், மண், விதை போகக் கூடாது. மகளின் இருநூற்று நாற்பது டாலர் இபு ஹெகெயை மரியாதையோடு திருப்பித் தந்த சோதனையாளர், என் சின்னக் குடுக்கையைக் கையில் எடுத்து, பழக்கம் போலும், விரலால் இரண்டு முறை தே தே என்று தட்டினார்.

"உங்கள் குமு யார், ஆன்டி?"

"நான் யாருடைய மாணவியும் இல்லை. குடுக்கையைச் சுத்தம் செய்ய மட்டும் கற்றுக்கொண்டேன்" என்றேன்.

அவர் அதைக் காதருகில் வைத்து ஆட்டினார். உள்ளே எங்கோ ஒரு விதை கடகடத்தது.

வரிசையை விட்டு விலகி, ஓரத்து இருக்கையில் அமர்ந்து, மகளின் கொண்டை ஊசியால் அதை வெளியே எடுக்க இருபது நிமிடம் ஆயிற்று.